முகூர்த்தத்துக்கு ஒரு பல்பு

கல்யாணத்துக்குப் படம் பிடிக்கச் சொல்ல முனியம்மா தனபாலனின் ஸ்டூடியோவுக்கு வந்தபோது, மூத்த மகள் காளியம்மாவும் அவளுடைய இரட்டைப் பெண்களும் கூடவே வந்தார்கள். பெரியவர்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் இரட்டையரில் ஒருத்தி, பின்னால் தொங்கிய திரைச்சீலையில் வரைந்திருந்த அருவியை நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டாள். மற்றவள் முக்காலி மேலிருந்த பூ ஜாடியைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

தனபாலன் சிரித்த முகத்தை மாற்றாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், என்ன செய்வது.

ஸ்டூடியோவின் பின்பக்கத்தில் ஒரு பச்சைத் திரை உண்டு. அதற்கு அப்பால் அவன் தங்கை கோமளா இருந்தாள். படங்களைக் கழுவுவதும் உலர்த்துவதும், மெல்லிய தூரிகையால் கன்னத்துக்கும் சேலைக்கும் வண்ணம் ஏற்றுவதும் அவள் வேலை. வயது இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் முதலாவதாக வந்தவள். ஆனால் அந்நியர் முன்னால் அவளுக்கு வாய் திறக்க வராது. கடைக்கு ஆள் வந்துவிட்டால், சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளுவாள். தனபாலன் அதைப் படித்துவிட்டுத் தன் யோசனை போலச் சொல்லுவான். மலாக்கா பட்டணத்தில் அந்தக் கடைக்கு வந்துபோகும் பலருக்கு அங்கே ஒரு பெண் இருப்பதே தெரியாது.

"சின்னவளுக்கு முடிவாயிருச்சு தம்பி," என்றாள் முனியம்மா. "ஜெயாவுக்கு. மாப்பிள்ள நல்லமுத்துன்னு பேரு, புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷன்ல வேல. அடுத்த வெள்ளிக்கிழம கல்யாணம்."

"ரொம்ப சந்தோஷம்க்கா. நான் எத்தன மணிக்கு வரணும்? பத்து? பதினொன்னு?"

"அஞ்சு மணிக்கு முகூர்த்தம்."

"சாயங்காலமா?"

"காலங்காத்தால." முனியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அஞ்சு வருஷமா ஊரடங்கு ஊரடங்குன்னு உச்சி வெயில்லயே தாலி கட்டினோம். அதான் எடுத்துட்டாங்கல்ல. பண்டாரம் பஞ்சாங்கத்தப் பாத்து நல்ல நேரமா குறிச்சிட்டாரு. எங்க தோட்டத்துல இதான் மொத கல்யாணம், இருட்டோட."

போன வாரம்தான் அந்த வட்டாரத்தை வெள்ளைப் பகுதி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. இனி எந்த நேரமும் வெளியே நடமாடலாம். வீட்டில் அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது, காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோகவில்லை என்று தோட்டத்துக் கேட்டில் தூக்குச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஜனங்கள் இன்னும் அதை நம்பப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

தனபாலனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. எல்லாருக்கும் அடையாளக் கார்டுக்குப் படம் தேவைப்பட்ட காலத்தில் கடை போட்டவன் அவன். கார்டுப் படம் பகல் வெளிச்சத்தில், கல்யாணப் படம் நடு வெயிலில். இருட்டில் அவன் ஒரு படம்கூடப் பிடித்ததில்லை.

"இருட்டுல கேமராவுக்குக் கண்ணு தெரியாதுக்கா," என்றான். "அதுக்கு என்ன, விடிஞ்சப்புறம் ரெண்டு பேரையும் வெளிய நிக்க வச்சு, தாலிய இன்னொரு தடவ கட்டுற மாதிரி..."

"அது மட்டும் ஆகாது."

முனியம்மா இரட்டையரைக் கையால் காட்டினாள். "காளியம்மா கல்யாணத்துல அப்படித்தான செஞ்சோம்? நீதான படம் புடிச்ச. மணவறையில ஒரு தடவ, உன் படத்துக்கு ஒரு தடவ. ரெண்டு தடவ கட்டினோம். பலனப் பாரு."

எல்லோரும் பலனைப் பார்த்தார்கள். ஜாடி இப்போது தலையிலிருந்து கழல மறுத்தது.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள் காளியம்மா, ஜாடியை இழுத்தபடி. அவள் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

"நம்ம பக்கம் யாருக்காச்சும் ரெட்டப் புள்ள இருக்கா? உன் மாமியார் பக்கம் இருக்கா? படத்துக்குக் கட்டுனப்ப உன் வீட்டுக்காரரு நெசமாவே முடிச்சுப் போட்டுட்டாரு. நான் கண்ணால பாத்தேன்." முனியம்மா தனபாலன் பக்கம் திரும்பினாள். "ஜெயாவுக்கு ஒரே தடவதான். அந்த ஒரு தடவ படத்துல விழணும். மத்த படமெல்லாம் இல்லாட்டியும் பரவால்ல. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. முனைக் கடைக்காரன் எந்நேரமும் படம் புடிக்கிறானாம், ஏதோ கரண்டு வெளக்கு வச்சிருக்கானாம்."

திரைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே வந்தது. தனபாலன் அதைக் காலால் இழுத்துக் குனிந்து படித்தான்.

*சரி என்று சொல்லுங்கள். ஃபிளாஷ் வாங்கிக்கொள்ளலாம்.*

அவன் காகிதத்தைக் காலடியில் மறைத்துக்கொண்டான். "முடியும்க்கா," என்றான்.

மறுநாள் கேமராக் கடைக்கு அவனோடு கோமளாவும் போனாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று சாமான்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.

முதலாவது, கைப்பிடி வைத்த ஒரு தகரத் தட்டு. அதில் மருந்துப் பொடியைக் கொட்டிக் கொளுத்தினால் பளிச்சென்று எரியும். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். ஆனால் அதை விற்பதில் தவுக்கேவுக்கே ஆசை இல்லை.

"இது வேணாம் லா. மருந்து வாங்க போலீஸ் சூராட், பெர்மிட்டு, வேணும். கேப்பான், எதுக்கு மருந்து, எங்க வெடிக்கப் போற. அத்தாப்பு ஓலைப் பந்தல்ல கொளுத்தினா, கல்யாணமும் இல்ல, பந்தலும் இல்ல."

இரண்டாவது, கரண்டு விளக்கு. பள்ளிக்கூடப் பை அளவில் கருப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் கேமராவோடு சேர்த்துத் திருகும் விளக்கு. ஆயிரம் தடவை எரியும். விலை முந்நூற்று எண்பது வெள்ளி, தவணைக்கும் கிடைக்கும். தனபாலன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். முனைக் கடைக்காரனிடம் இருப்பதும் இதேதான்.

மூன்றாவது, பல்புத் துப்பாக்கி என்று தவுக்கே சொன்னது. ஒரு கைப்பிடி, அதன் தலையில் உள்ளங்கை அளவு பளபளப்பான கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு சின்ன பல்பைச் செருகும் துளை. பதினெட்டு வெள்ளி. பல்பு ஒன்று முப்பது காசு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

"ஒரே தடவ எரியிற பல்ப நம்பி, ஒரே தடவ கட்டுற தாலிய எப்படிப் புடிக்கிறது?" என்றான் தனபாலன். பெட்டி இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.

கோமளா கணக்கில் இறங்கிவிட்டாள். மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். மாதத்தில் எத்தனை படத்துக்கு விளக்கு வேண்டும்? மழை இருட்டும் மத்தியானங்களில் கார்டுப் படம் நாலைந்து. கல்யாணம் ஒன்று வந்தால் பத்துப் படம். பள்ளிக்கூடக் குழுப் படங்கள் திடலில்தான், அதற்கு வேண்டாம். இந்த அளவுக்கு, ஆயிரம் தடவை எரியும் பெட்டி அலமாரியில் தூங்கும்; தவணை தூங்காது. மேலும் அந்தப் பெட்டியை முதல் நாளே கரண்டில் சொருகி வைக்க வேண்டும். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், கரண்டு ஏது?

அவளுக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கேமராவின் மூக்கிலேயே விளக்கு இருந்தால் வெளிச்சம் முகத்துக்கு நேராகப் போய் அடிக்கும். மூக்கும் கன்னமும் ஒன்றாகி முகம் தோசை போலத் தட்டையாகும். முனைக் கடைக்காரனின் படங்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த முகங்களுக்கு எந்த வண்ணம் ஏற்றினாலும் உயிர் வராது.

அவள் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதி அண்ணனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டுத் தவுக்கேயிடம் கேட்டான்.

"இதக் கேமராவுல மாட்டாம, கையில தனியா தூரமா புடிக்க முடியுமா? கேமராவ அமுக்குறப்பவே எரியணும், நீள வயர் கெடைக்குமா?"

தவுக்கே தனபாலனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "இந்த அமோய்ப் பொண்ணு நல்லா கேக்குது." ஒரு டப்பாவைத் திறந்து, சுருட்டி வைத்த பத்தடி வயரை எடுத்துப் போட்டார். பிறகு பல்பு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு கட்டம் நிறைய எண்கள். "இங்க ஒரு நம்பர் இருக்கு. பல்புக்கும் ஆளுக்கும் எத்தன அடி தூரமோ அதால வகுக்கணும். வர்ற நம்பர லென்சுல வைக்கணும். இந்தச் சாமான் தானா ஒன்னும் செய்யாது. எல்லாம் நீதான் கணக்குப் போடணும்."

அதைக் கேட்டதும் கோமளாவுக்கு அந்தச் சாமானை மிகவும் பிடித்துப்போயிற்று. ஓர் எண், ஒரு தூரம், ஒரு வகுத்தல். வேறு மர்மம் எதுவும் இல்லை.

கடை வாசலில் தனபாலன் நின்றான். பன்னிரண்டு பல்புகளும் துப்பாக்கியும் அவன் கக்கத்தில் இருந்தன.

"உன் பேச்சக் கேட்டு வாங்கிட்டேன். அந்தப் படம் விழலைன்னா நான் நேரா வந்து தவணைக்கு அந்தப் பொட்டிய எடுத்துருவேன். நீ அப்புறம் திரைய விட்டு வெளிய வரக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது."

"விழுந்தா?"

அவன் எதிர்பார்க்கவில்லை. "விழுந்தா உனக்கு என்ன வேணும்?"

கோமளா கைப்பையைத் திறந்தாள், பென்சிலை எடுக்காமலே மூடினாள். நாலு வருஷமாக எத்தனையோ மணப்பெண்களுக்கு அவள் வண்ணம் ஏற்றியிருக்கிறாள். ஒருத்தியையும் நேரில் பார்த்ததில்லை. சேலை என்ன நிறம் என்று எழுதிக் கேட்டால், அண்ணன் யோசிக்காமல் சிவப்பு என்பான். எல்லாரையும் சிவப்பில் உட்கார வைத்தாயிற்று.

"நானும் வருவேன்," என்றாள். "எல்லாக் கல்யாணத்துக்கும்."

கடையை மூடிவிட்டு இரண்டு பல்புகளை அண்ணன் மேலேயே எரித்துச் சோதித்தாள். நேராக எரித்ததில் அவன் மாவு பூசியவனாக விழுந்தான். பக்கவாட்டில் கையை நீட்டிப் பிடித்து எரித்ததில் மனிதனாக விழுந்தான். பிறகு ஒரு கயிற்றை எடுத்து அளந்து முடிச்சுப் போட்டாள். பல்பின் எண் நூற்றுப் பத்து. அதனால் ஐந்தடி முடிச்சுக்கு இருபத்திரண்டு, ஏழடிக்குப் பதினாறு, பத்தடிக்குப் பதினொன்று, பதினான்கடிக்கு எட்டு. லென்சின் வளையத்தில் அதே எண்கள் அதே வரிசையில் இருந்தன. எண் சிறுத்தால் லென்சின் வாய் பெருக்கும், வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிற நூல் கட்டினாள். அன்று அவள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தானாகவே இரண்டு தடவை பேசினாள்.

வியாழக்கிழமை பிற்பகல் இருவரும் பாயா ரும்புட் பஸ்ஸில் ஏறி, தோட்டத்துச் சாலையில் இறங்கினார்கள். முள்கம்பி வேலி அப்படியே இருந்தது. கேட் அகலத் திறந்து கிடந்தது. அங்கே ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் இருளாண்டி கையை நீட்டினார்.

"பொட்டியத் தொறங்க."

"அதான் சோதனை எல்லாம் எடுத்தாச்சே அண்ணே," என்றான் தனபாலன்.

"எடுத்தாச்சு. உத்தரவு இல்லதான். கை கேக்க மாட்டேங்குது." அவர் சங்கடத்தோடு சிரித்தார். ஆனாலும் கை பெட்டியைத் திறந்துவிட்டது. பஞ்சுக்குள் பத்துப் பல்புகள் வரிசையாகக் கிடந்தன. "என்னது, முட்டையா?"

"பல்பு."

"கரண்டு இல்லாத எடத்துல எதுக்குப் பல்பு?"

"ஒரு தடவ எரியும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

இருளாண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன்ன நல்லா ஏமாத்திட்டான் தம்பி," என்று மூடிக் கொடுத்தார். பிறகு திறந்த கேட்டுக்கு நடுவில் நின்று, தன்னையும் ஒரு படம் பிடிக்கச் சொன்னார். வெயில் நன்றாக இருந்தது. அதற்குப் பல்பு தேவைப்படவில்லை.

லயத்துக்கு முன்னால் அத்தாப்பு வேய்ந்த பந்தல். மணவறைக்கு மேலே, ஏணியில் நின்றபடி டோபி மருதமுத்து வெள்ளை கட்டிக்கொண்டிருந்தார். நீலம் போட்டு வெளுத்த நாலு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணி. மாப்பிள்ளை பெண் தலைக்கு மேல் அது இல்லாமல் கல்யாணம் இல்லை. கொஞ்சம்கூடத் தொய்யக் கூடாது என்று அவர் நாலு மூலையையும் இழுத்து இழுத்துக் கட்டினார்.

கீழே கோமளா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். மணவறைப் பலகையிலிருந்து பத்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு, அங்கே கேமராவின் முக்காலி. பக்கத்தில் ஏழடியில் இன்னொரு கோடு, அங்கே அவள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு இது? ஆசாரி வீட்டுப் பொண்ணா?" என்றாள் காளியம்மா.

"என் தங்கச்சி," என்றான் தனபாலன்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா?"

"உங்க படத்துக்கெல்லாம் கலர் அடிக்கிறதே இவதான்."

"அப்படியா?" காளியம்மா எழுந்து வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ. "என் பச்சப் பட்டச் செவப்பாக்குனது நீதானா?"

கோமளாவுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"மொகத்தத் தூக்கு லா. நல்லாத்தான் இருந்துச்சு. படத்தப் பாத்துப் பாத்து, கல்யாணச் சேல செவப்புன்னே எங்க வீட்டுக்காரரு சத்தியம் பண்றாரு. அவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து இரட்டையர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓட, பத்தடியும் பதினான்கடியும் கோழிக் கூண்டைச் சுற்றிப் போயின. கோமளா எழுந்து துரத்தினாள். துரத்தும்போது தானும் சிரித்துக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை.

பொழுது சாயும்போது பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி மாட்டினார்கள். அதன் வெளிச்சம் மேலே போய், வெள்ளைத் துணியில் பட்டு, பரவிக் கீழே இறங்கியது. மணவறைப் பலகைமேல் நிழலே இல்லை. கோமளா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தாள்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது பந்தல் நிறைந்துவிட்டது. பகல் கல்யாணங்களுக்கு வேலை இல்லாதவர்கள் மட்டுமே வர முடிந்தது. இன்று தோட்டமே வந்திருந்தது. குளித்து, பூ வைத்து, இருட்டில் பயமில்லாமல் நடந்து வந்த சந்தோஷமே எல்லார் முகத்திலும் இருந்தது. ஜெயா மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு உடுத்தியிருந்தாள். கோமளா அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

முதல் பல்பு எரிந்தபோது தவில்காரர் ஓர் அடியை விட்டுவிட்டார். பின்வரிசையில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவதுக்குள் எல்லோரும் பழகிவிட்டார்கள். நாலு பல்புகள் திட்டப்படி எரிந்தன. பத்தடியில் அண்ணன், ஏழடியில் தங்கை, நடுவில் வயர். எரிந்த பல்புகளை அவள் பையில் போடப் போட, ஆறினவுடன் கொடு என்று இரட்டையர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்," என்றார் பண்டாரம்.

அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. இந்த ஐந்து வருஷமும் கல்யாணத்துக்கு வந்தவர்கள், தாலி ஏறினால் ஏறட்டும், எப்படியும் வெயிலில் மறுபடி கட்டிக் காட்டுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்சதை போட்டவர்கள். இன்று மறுபடி கிடையாது என்பது முனியம்மாவின் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரியும். பந்தல் மொத்தமும் எழுந்து மணவறையைச் சூழ்ந்தது.

முக்காலி சாய்ந்தது. தனபாலன் கேமராவை மட்டும் பிடுங்கிக்கொண்டு பின்னால் தள்ளப்பட்டான். அவனுக்கு முன்னால் நாற்பது முதுகுகள். கோமளாவை யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

"கிட்ட வா லா, நல்லாப் பாரு," என்றாள் காளியம்மா.

அவள் இப்போது மணப்பெண்ணுக்கு மூன்றடி தள்ளி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயர் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் கேமரா உயர்வதைப் பார்த்தாள். அவன் அதைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வழக்கமாகக் குனிந்து பார்க்கும் அதன் உச்சிக் கண்ணாடியை இப்போது கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். அந்த மாதிரிக் கேமராவில் அது முடியும். அவனுக்கு மணவறை தெரிந்துவிட்டது.

ஆனால் வெளிச்சம்? இங்கிருந்து எரித்தால் பக்கத்து அத்தையின் தோள் மட்டும் சுண்ணாம்பாக விழும். மற்றதெல்லாம் கரி. கயிற்றில் போட்ட எந்த முடிச்சும் இப்போது உதவாது. நல்லமுத்துவின் கைகள் மஞ்சள் கயிற்றோடு ஜெயாவின் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தன.

கோமளா மேலே பார்த்தாள். நாலு வேட்டி அகலத்துக்குத் தொய்வில்லாத வெள்ளை.

கையை உயர்த்தினாள். கிண்ணத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பினாள். கையிலிருந்து துணிக்கு நாலடி, துணியிலிருந்து மணவறைக்கு ஆறடி. பத்தடி, பதினொன்று. ஆனால் துணி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கொஞ்சம் குடித்தும் விடும். மூன்று படி திறக்க வேண்டும். எட்டு, ஐந்து புள்ளி ஆறு, நாலு. அண்ணனின் லென்ஸ் ஏழடிக்கு வைத்த பதினாறில் நிற்கிறது. எழுதி நீட்டத் தாள் இல்லை. இருந்தாலும் வாங்க ஆள் நாற்பது முதுகுக்கு அப்பால்.

"அண்ணே, நாலு," என்றாள். தவில் அதை முழுங்கிவிட்டது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே! நாலு! நாலு வைங்க!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கேமரா ஒரு கணம் கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. நல்லமுத்துவின் விரல்கள் முதல் முடிச்சில் மடங்கின.

பந்தல் பகலாகி அணைந்தது. அட்சதை மழையாகக் கொட்டியது.

"யாரு அது கத்துனது?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"இந்தப் பொண்ணுதான்," என்றாள் காளியம்மா. "வாயே இல்லைன்னு நெனச்சேன். கப்பல் சங்குல்ல வச்சிருக்கு."

பிறகு பந்தி. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அளக்காமல் வடித்த சோறு. இருளாண்டி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கோமளாவின் இலையிலும் கேட்காமலே விழுந்துகொண்டிருந்தது. அவள் கண் அண்ணன் தோளில் தொங்கிய கேமராவிலேயே இருந்தது.

அன்று பிற்பகல் கடைக்கு வந்ததும் அவள் நேராக இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனபாலன் திரைக்கு வெளியே உட்கார்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான்.

"என்னாச்சு?"

உள்ளே தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

"கோமளா, கறுப்பா? சும்மா சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன். பொட்டிக்கு மொத தவணை எங்கிட்ட இருக்கு."

நெடுநேரம் கழித்துத் திரைக்கு அடியிலிருந்து ஒன்று மெல்ல வெளியே வந்தது. இந்தத் தடவை அது துண்டுக் காகிதம் இல்லை. சொட்டச் சொட்ட ஒரு படம்.

முதலில் எரித்த நாலு பல்புகளின் படங்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் இது வேறு. வெளிச்சம் மேலிருந்து பூப்போல இறங்கியிருந்தது. முடிச்சில் மடங்கிய விரல்கள், குனிந்த ஜெயாவின் கண்ணிமை, சுற்றி நின்ற அத்தனை பெண்களின் முகம், பாதி வழியில் நின்ற அட்சதை மணிகள் எல்லாம் தெரிந்தன. ஒரு முகமும் தட்டையாக இல்லை. ஓரத்தில், உயர்ந்த ஒரு கை, கையில் ஒரு கிண்ணம்.

தனபாலன் அதைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"நான் எதுக்கு நாலுன்னு கேக்கக்கூட இல்ல, பாத்தியா," என்றான் கடைசியில்.

"பாத்தேன்," என்றது திரை.

அடுத்த வாரம் முனியம்மா காளியம்மாவோடு படங்களை வாங்க வந்தாள். தாலிப் படத்தைக் கையில் எடுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"மணவறைக்கு அடியில என்னது அது?"

காளியம்மா எட்டிப் பார்த்தாள். இரட்டையரில் ஒருத்தி பலகைக்கு அடியில் உட்கார்ந்து, கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியின் கை மட்டும் பழத்துக்கு நீண்டிருந்தது.

"ஒரு தடவதான் கட்டினோம்," என்றாள் முனியம்மா. "அப்பவும் இதுங்க ரெண்டும் வந்து சேந்துருச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. பிறகு நினைவு வந்தவளாக, "ஐப்பசியில இருளாண்டி மகளுக்குக் கல்யாணம். அதுவும் இருட்டோட முகூர்த்தம். இதே மாதிரிப் படம் வேணுமாம். நாங்க என்ன ஏற்பாடு செய்யணும்னு கேட்டு வரச் சொன்னாரு."

தனபாலன் பழக்கத்தில் திரையின் அடியைப் பார்த்தான். காகிதம் ஏதும் வரவில்லை. திரை விலகியது. கோமளா தூரிகையும் கையுமாக வந்து நின்றாள். தூரிகை நுனியில் மாம்பழ மஞ்சள்.

"மருதமுத்து அண்ணன்கிட்டச் சொல்லுங்க," என்றாள். குரல் சின்னதுதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வெள்ளை நல்லா இழுத்துக் கட்டணும். தொய்யக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

"சொல்லிர்றேன் தங்கச்சி," என்றாள் முனியம்மா.

காளியம்மா தன் பையிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய கல்யாணப் படம். இரண்டாவது தடவை கட்டிய தாலி, சிவப்புச் சேலை.

"இதயும் கொஞ்சம் பச்சையாக்கிக் குடேன்."

"உங்க வீட்டுக்காரர்?" என்றாள் கோமளா.

"அவரு சத்தியம் பண்ணிட்டே கெடக்கட்டும்," என்றாள் காளியம்மா. "என்ன பச்சைன்னு கேளு, சொல்றேன். மொளைச்சு ரெண்டு நாளான நெல்லுப் பச்ச."

கோமளா முக்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து, பச்சையைக் குழைக்கத் தொடங்கினாள்.